நாகர்கோவிலுக்கு நிழல் வேண்டும்

நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. சாலை அகலமாகிறது, கட்டடம் உயர்கிறது, சரி, நிழலைப் பற்றி யார் யோசிக்கிறோம்? 3-30-300 என்று ஒரு கணக்கு உண்டு, நகர்ப்புறக் காடுகளை ஆராயும் சீசில் கொனைனன்டைக் 2021-இல் முன்வைத்தது: வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரமாவது தெரிய வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 சதவீதம் மர நிழல், 300 மீட்டருக்குள் ஒரு பூங்காவோ தோப்போ.

வடசேரிப் பக்கம் நடந்து பாருங்கள், இதில் எது தேறும்? இருக்கிற மரத்துக்கும் அடிவரை இன்டர்லாக் கல் பதித்துவிடுகிறார்கள்; பட்டையை ஒட்டி சிமென்ட், விரல் நுழைய மண் இல்லை, பெய்கிற மழையெல்லாம் ஓடைக்குப் போகிறது. வேர் மூச்சுவிட வேண்டாமா?

இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. புன்னை, பூவரசு, நாவல், மருதம், அயனி எல்லாம் நம் மண்ணுக்குப் பழகியவை. அதை விட்டு, சீக்கிரம் வளருமே என்று எதையாவது நட்டு, அது முறிந்து கரண்ட் கம்பியில் விழுந்ததும் மரமே வேண்டாம் என்கிறோம். 2017 ஒக்கிப் புயலில் சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும்தான், ஆனால் வேருக்கு மண்ணே விடாமல் வளர்த்த மரம் எப்படி நிற்கும்? உங்கள் தெருவில் கல் பதிக்க வந்தால், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணை விடச் சொல்லுங்கள். அப்புறம் கவுன்சிலரிடமும் எழுதிக் கொடுங்கள்.