வாசலுக்கு வாசல் நிற்கும் பஸ்

எங்கள் ஏரியா பஸ் கோயில், மார்க்கெட், தாலுகா ஆபீஸ் என்று ஒரு தெருவையும் விடாமல் சுற்றிக்கொண்டு போகும். ஒருமுறை போய்வர 2 மணி நேரம். 4 வண்டி ஓடினால் அரை மணிக்கு ஒன்று. அதே வழித்தடத்தை நேராக்கி 80 நிமிடத்தில் முடித்தால், அதே 4 வண்டியில் 20 நிமிடத்துக்கு ஒன்று கிடைக்கும். புது வண்டியும் வேண்டாம், கூடுதல் டிரைவரும் வேண்டாம்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2015 ஆகஸ்டில் இதை ஊர் முழுக்கச் செய்தார்கள், அதுவும் ஒரே இரவில்! அதுவரை பஸ்களில் பெரும்பாலானவை நகர மையத்தை நோக்கியே ஓடின. வேலையோ ஊரெங்கும் சிதறிக் கிடந்தது. கட்டம் போட்ட மாதிரி, முக்கியச் சாலைகளில் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்பவர்களுக்கு ஞாயிறு ஏது? வார இறுதிக் கூட்டம் நன்றாகவே கூடியது.

சிலர் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டியிருந்தது, இடையில் ஒரு பஸ் மாறவும் வேண்டியிருந்தது. இதை நான் எதிர்வீட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். "அப்போ எங்க வாசல் ஸ்டாப்பை எடுத்துடுவியாப்பா?" என்று கேட்டார். முட்டிவலிக்காரர், கேட்பது நியாயம்தான். அவருக்கு உள்தெருவில் ஒரு மினி பஸ் விடலாம்.

ஆனால் 10 மணிக்கு ஷிஃப்ட் முடிகிற ஊரில் கடைசி பஸ் 9.45-க்கே கிளம்புகிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்ல?