உதிரி மாவு தூவிய ஆப்பிள் பை

இன்று வீட்டில் ஆப்பிள் பை, அதாவது மாவு வட்டத்தின் மேல் ஆப்பிளை நிரப்பி ஓவனில் சுடும் இனிப்பு. மேலே இன்னொரு மாவு வட்டம் போட்டு மூடுவதைவிட, உதிரி மாவு தூவிச் சுடுவதுதான் எனக்குப் பிடிக்கும். மொறுமொறுப்பும் குழைவும் ஒரே வாயில் கிடைக்கும்.

பழம் புளிப்பாக, கெட்டியாக இருக்க வேண்டும். கிரானி ஸ்மித் என்கிற பச்சை ஆப்பிள் சூட்டில் எளிதில் கூழாகாது. நறுக்கி, சர்க்கரை, பட்டைத்தூள், எலுமிச்சைச் சாறு கலந்து அரை மணி நேரம் வைத்தால் கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள்! கொஞ்சம் சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) சேர்த்துப் பிசறினால், ஓவனில் அதுவே பழத்தைச் சுற்றிப் பளபளவென்று கெட்டிப்படும்.

உதிரி மாவுக்கு மைதா, பழுப்புச் சர்க்கரை, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய். விரல் நுனியால் உதிர்த்தால் போதும், பிசைய வேண்டாம். நடுநடுவே பட்டாணி அளவுக் கட்டிகள் இருக்கட்டும், அவைதான் அப்புறம் மொறுமொறுக்கும்.

தட்டில் விரித்த மாவு வட்டத்தில் பழத்தை நிரப்பி, மேலே உதிரி மாவைத் தூவி ஓவனில் வையுங்கள்: 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம், பிறகு 180-இல் 35 முதல் 40 நிமிடம். ஓரத்தில் சாறு கெட்டியாகக் கொப்புளித்தால் வெந்துவிட்டது. மேலே சீக்கிரம் சிவந்தால் ஃபாயிலால் லேசாக மூடலாம்.

வெட்டுவதற்கு முன் இரண்டு மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு வெட்டினால் சாறெல்லாம் ஓடிவிடும். வீடு முழுக்கப் பட்டை மணக்கும்போது பொறுத்திருப்பது கஷ்டம்தான், தெரியும்.