பன்னிரண்டு வரி வாழ்த்து மடல்

ரீச்சருக்கு ஒரு கௌரவிப்பு வைப்போம் என்று உள்ளக வடிவமைப்புத் தொழிலில் இருக்கிற நாங்கள் ஆறேழு பேர் முடிவெடுத்தபோது, வாழ்த்து மடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பன்னிரண்டு வரிக்கு மேல் போனால் படச் சட்டத்துக்குள் அடங்காது என்றார் அச்சகக்காரர். அவரிடம் ஆயத்தமாக ஒன்று இருந்தது. 'கலைக்கோர் அரசியே, யாழ் மண்ணின் மாணிக்கமே' என்று தொடங்கும். பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஓய்வுபெறும் அதிபருக்கும் அதுதான், தவில் வித்துவானுக்கும் அதுதான்.

ரீச்சர் ஒரு காலத்தில் சித்திரம் படிப்பித்தவர். ஓடாவியார், மேசன், பெயின்ற் அடிக்கிறவர் எல்லோருக்கும் இன்றைக்கும் அவர் ரீச்சர்தான். போரில் யாழ்ப்பாணத்துச் சனம் வெளியேறிய 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிறகு அடுத்த ஆண்டு ஊர் திரும்பிய சனத்தில் பலருக்கு எஞ்சியது கதவும் யன்னலும் கழற்றப்பட்ட வீடு. சீமெந்து கிடைப்பதே பெரும்பாடு. யார் வீட்டில் எஞ்சிய கதவு யாருடைய நிலைக்குப் பொருந்தும், எந்த அறையை முதலில் பூட்டக்கூடியதாக்கினால் பெண்பிள்ளைகள் படுக்கலாம் என்று ஒரு சீஆர் கொப்பியில் அளவெழுதி வைத்துக்கொண்டு ஓடித் திரிந்திருக்கிறார். உள்ளக வடிவமைப்பு என்ற சொல் அப்போது எங்கள் ஒழுங்கைகளுக்கு வந்திருக்கவில்லை. அந்தக் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். விளிம்பெல்லாம் கறையான் தின்றது.

மடல் எழுத உட்கார்ந்தபோது மற்ற ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். 1975இல் இரண்டு சங்கங்கள் இணைந்து உருவான அமெரிக்க உள்ளக வடிவமைப்பாளர் சங்கம், 'ஃபெலோ' என்ற பட்டத்தைத் தன் உறுப்பினர்களுக்கான அதியுயர் கௌரவமாக வைத்திருக்கிறது. அழகாகச் செய்தாரா என்பதோடு தொழிலுக்கு என்ன செய்தார் என்றும் கேட்கிறார்கள். இங்கே இலங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பெந்தோட்டை பீச் ஹோட்டலுக்குள் நுழைந்தவர்களை அண்ணாந்து பார்க்க வைத்த, பத்திக் (batik) சாயத் துணியாலான உட்கூரையைச் செய்தவர் எனா டி சில்வா என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கட்டடத்துக்கு ஒரு பெயர் போதும் என்று சனம் நினைக்கிறது. உள்ளே வேலை செய்தவர்கள் 'மற்றும் பலர்'.

சரி, ரீச்சருக்கு வருவோம்.

குசினி மேடைக்கு அவர் அளவெடுக்கும் விதம் எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. கொழும்பில் படித்துவிட்டு வந்து அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன் நான்; 34 அங்குலம், 36 அங்குலம் என்று மனப்பாடம். ரீச்சர் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டு, சுவரோடு நிற்க வைத்து, தேங்காய் அரிகிற மாதிரி கையை மடிக்கச் சொல்வார். முழங்கைக்கு ஐந்தாறு விரல் கீழே பென்சிலால் ஒரு கோடு. சின்ன உருவம் என்றால் 32இலும் நிற்கும். சமைப்பவர் ஆண் என்றால் அவரைக் கூப்பிடுவார். கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் வீடு கட்டுகிறவர்கள் இந்தக் கோட்டை நம்ப மாட்டார்கள், பட்டியல் அளவு கேட்பார்கள். இரண்டு குசினியும் கேட்பார்கள், ஒன்று ஆட்களுக்குக் காட்ட, மற்றது பின்னால் விறகு வைத்துச் சமைக்க. ரீச்சர் கோடு போடுவது எப்போதும் பின்குசினியில்தான் முதலில்.

அப்புறம் என் பிழை. கடலை ஒட்டின ஒரு வீட்டுக்கு மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகையில் பன்ரி அலுமாரி போடலாம் என்று கணினியில் படம் கீறிக் காட்டினேன். "உது கடற்காத்துக்குத் தாங்குமோ தம்பி?" என்று ரீச்சர் ஒரு தரம் கேட்டார். மேலே லமினேட் ஒட்டினால் ஒன்றும் ஆகாது என்றேன். ஓம் என்றுவிட்டார். மார்கழி மழையில் தொட்டிக்குக் கீழே பலகை, தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் மாதிரி ஊதிவிட்டது. கதவு பூட்டுப்படவில்லை. வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வந்து சத்தம் போட்டார். நான் வாய் திறக்க முதல் ரீச்சர் சொன்னார்: "பிழை என்னிலைதான். நான் பாத்து ஓம் சொன்னது." என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கீழ்ப்பகுதியைச் சீமெந்துத் தட்டில் கட்டி முதிரைக் கதவு போட்டோம், அவருடைய காசில். திரும்பி வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இனிப் பலகையின்ரை முகத்தைப் பாக்காதையும், விளிம்பைப் பாரும்."

2022இல் ரூபாய் விழுந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360. நாங்கள் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்ட வேலைகள் மூன்று. முற்பணம் வாங்கியவர்கள் பலர் தொலைபேசியை நிறுத்திய நேரம் அது. ரீச்சர் மூன்று வீட்டுக்கும் போய் விறாந்தையில் உட்கார்ந்து, எதை இப்போது செய்யலாம், எதைத் தள்ளிப் போடலாம் என்று கணக்குப் பார்த்தார். ஓடாவியாரின் நாட்கூலியை அவர் கேட்க முதலே கூட்டினார். எங்கள் பங்கு குறைந்தது. எனக்கு அப்போது அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை, உண்மையைச் சொன்னால்.

இதையெல்லாம் பன்னிரண்டு வரியில் எப்படி அடைப்பது? ஒன்பதாவது வரியாக 'உதவியாளன் விட்ட பிழையைத் தன் பிழை என்று சொன்னவர்' என்று எழுதினேன். அச்சகக்காரர் முகம் சுளித்தார். வாழ்த்து மடலில் பிழை என்ற சொல் வரலாமோ, 'குறை பொறுத்தவர்' என்று மாற்றுவோம் என்றார். மாற்ற விடவில்லை.

விழா நல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. வழமைபோல ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிரதம விருந்தினர் ரீச்சரை 'வீட்டு அலங்கார நிபுணர்' என்று சொல்லி, திரைச்சீலையின் நிறங்கள் மனத்துக்குத் தரும் அமைதி பற்றிப் பேசினார். மடலை வாசித்தவர் ஒன்பதாவது வரியில் ஒரு கணம் நின்று, அச்சுப் பிழையோ என்று என்னைப் பார்த்தார். பின்வரிசையில் ஓடாவியார் சிரித்துவிட்டார். அந்தச் சீமெந்துத் தட்டுக்குக் கதவு செய்தவர் அவர்தானே.

பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ரீச்சர் சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கத்துப் பலகையை நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, உது மாரிக்கு ஊதும்."

அடுத்த கிழமை போனபோது மடல் விறாந்தைச் சுவரில் தொங்கியது. பின்னால் நாலு மூலையிலும் வெட்டி ஒட்டிய தக்கைத் துண்டு. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்றுப் போக ஒரு விரல் இடைவெளி.