தம்பி பவுடரை விட்ட நாட்கள்

மார்ச் 3, 2025, திங்கள்

காலையிலிருந்து தம்பி கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கிறான். மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் நீர். பார்ப்பவர்கள் ஜலதோஷம் என்பார்கள். பவுடர், அதாவது ஹெராயின், நின்று 6 முதல் 12 மணி நேரத்தில் இது தொடங்கிவிடும். நேற்றிரவு போட்டதுதான் கடைசி ஊசி. "இனி தொடமாட்டேன்க்கா" என்று அவனாகவே சொன்னான்.

மதியத்துக்குள் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. "எலும்புக்குள்ள எவனோ சுரண்டுறான்க்கா." கஞ்சியும் வாந்தியாக வந்துவிட்டது. மாமா வந்து, "ரூமில் போட்டுப் பூட்டு, மூணு நாளில் சரியாயிடும்" என்றார். நான் பூட்டவிடவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இரவு முழுக்க வாந்தி, வயிற்றுப்போக்கு. குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். ஹெராயினை நிறுத்துவதில் அப்படி நடப்பது அரிது. ஆனால் உடம்பில் நீர் வற்றிப்போனால் இதுவும் ஆளைக் கொல்லும். விடிந்ததும் ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் முதலில் கேட்டது, "கடைசியா எப்ப போட்டே?" ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரையை அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாதாம். உடம்பில் ஹெராயின் இருக்கும்போதே கொடுத்தால், அதைத் தள்ளிவிட்டு இது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேதனை பல மடங்காகிவிடும். தம்பிக்கு ஒரு நாளைக்கு மேல் ஆகிவிட்டதால் உடனே நாக்கின் அடியில் வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கால் அடங்கியது. பெஞ்சிலேயே தூங்கிவிட்டான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

மார்ச் 7, வெள்ளி

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்கிறார் மாமா. சாம்பாரில் உப்பு இல்லை என்று தம்பி அம்மாவிடம் சண்டை போடுகிறான். அவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக் கேட்டு எத்தனை காலம்! இந்த மாத்திரை ஓர் அளவுக்கு மேல் மயக்கம் தராது, ஏக்கத்தை அடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ரத்தப் பரிசோதனையில் எச்ஐவி இல்லை, ஹெபடைடிஸ் சி இருக்கிறது. ஊசியைப் பகிர்ந்ததில் வந்தது. மாத்திரையிலேயே குணமாகும் என்றார்கள். அதுவும் இலவசம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று தம்பியின் கூட்டாளி ஒருவனுக்குக் காரியம். வீட்டார் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்துக்குப் பணம் கட்டினார்கள். நடுராத்திரியில் இல்லத்து ஆட்கள் அவனை வேனில் தூக்கிப் போனார்கள். கட்டி வைத்தார்கள், அடித்தார்கள், டாக்டரே இல்லை. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001-இல் தீப்பிடித்து, சங்கிலியோடு 28 பேர் வெந்து செத்த பிறகும் இது நடக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. போதை அடிமைகளும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வருகிறவர்கள்தான்.

சில மாதம் கழித்து வெளியே வந்தவன் பழைய அளவையே போட்டான். இடையில் உடம்பு அந்தத் தாங்கும் சக்தியை இழந்திருந்தது. மூச்சு மெல்ல மெல்ல நின்றுவிட்டது. விடுகிற வாரத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். விட்ட பிறகு வரும் மாதங்களில்தான் பிள்ளைகள் சாகிறார்கள். ஹெராயினை முறிக்கும் நலாக்சோன் ஊசியை நேரத்தில் போட்டிருந்தால் மூச்சு திரும்பியிருக்கும். எங்கள் தெருவில் எந்த வீட்டில் அது இருக்கிறது?

மார்ச் 14, வெள்ளி

பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி ரகசியமாகக் கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசில் பிடித்துக் கொடுப்பார்களா?" இல்லை அக்கா. 1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ (ஹெராயினுக்கு அது 5 கிராம்) வழக்கு இருந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சையை ஒழுங்காக எடுப்பவரை அது தண்டனையிலிருந்து காப்பாற்றும். விற்பவனுக்கு இது பொருந்தாது. அவள் மகனுக்கு வயது 19.

ஏப்ரல் 5, சனி

தினமும் காலையில் போய், நர்ஸ் முன்னால் மாத்திரை போட்டுக்கொண்டு, அப்புறம் வேலைக்குப் போகிறான். "எப்பக்கா நிறுத்துவாங்க?" என்று கேட்டான். வருடக்கணக்கில்கூட ஆகலாம், அவசரப்பட்டு நிறுத்தினால் பழையபடி ஊசிக்குப் போவது சுலபம் என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். முகம் சுருங்கியது. ஆனாலும் இன்று போனான்.

பக்கத்துத் தெரு அக்கா 14446-க்குப் பேசியிருக்கிறாள், போதையை விடுவதற்கான கட்டணமில்லாத உதவி எண். திங்கட்கிழமை தன் மகனையும் கூட்டிக்கொண்டு எங்களோடு வருகிறாள்.