ஐந்தாம் தேதி

நம் பாளையங்கோட்டை பள்ளி விடுதியின் வார்டன் சார் காலமான செய்தி பழைய மாணவர் சங்க வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று, அதன் கீழே அஞ்சலிகள் வரிசையாக விழுந்தன. அன்பே உருவானவர், கருணைக் கடல், எங்கள் இரண்டாம் தந்தை. சாருடைய பிரம்பு எந்த அலமாரியின் மேல் இருக்கும் என்பதை நன்றாக அறிந்தவர்கள்தாம் இவ்வளவும் எழுதியிருந்தார்கள். சங்க மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு செயலாளர் கேட்டபோது, கருணைக் கடலை விட்டுவிட்டு எழுதலாமா என்றேன். எழுதுங்கள், வம்பு மட்டும் வேண்டாம் என்றார். முயல்கிறேன்.

நம் காலத்து ஆட்களுக்கு ஐந்தாம் தேதி இரவை விளக்க வேண்டியதில்லை. பிரேயர் முடிந்து, தட்டில் சோறு விழுந்து, குழம்பு வாளி நம் வரிசைக்கு வருவதற்குள் சார் மெஸ் பாக்கி எழுதிய அந்த நீள நோட்டோடு வந்து நிற்பார். பையன் பெயரை மட்டும் வாசித்தால் போதாதா? தகப்பனார் பெயர், ஊர், எத்தனை மாதப் பாக்கி என்று பத்திரம் வாசிப்பதுபோல் வாசிப்பார். குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. எங்கள் ஊர்ச் செம்மணல் தேரிக்காட்டில் என் அப்பாவின் பெயரை யாரும் மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள். வயதில் மூத்தவர்கள்கூட ஓர் உறவு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் விடுதிச் சாப்பாட்டு அறையில் மாதாமாதம் மொட்டையாக ஒலித்தது. அதை நான் மன்னிக்கவில்லை. சார் இறந்துபோனதால் மன்னித்துவிட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஐந்தாம் தேதி என்பது சம்பளக்காரர்களின் நாள். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வீட்டுப் பிள்ளை, மின்வாரிய ஊழியர் வீட்டுப் பிள்ளை ஆகியோருக்கு அது பொருந்தும். நம் விடுதியில் எத்தனை பேர் அப்படி? சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பையன்களின் வீட்டில் பிசானம் அறுத்து நெல் களத்துக்கு வந்தால்தான் காசு. முக்கூடல் பையனுக்கு அம்மாவும் அக்காவும் சுற்றிய பீடியின் வாரக் கூலி. ஆறுமுகநேரிக்காரன் வீட்டில் ஐப்பசி மழை விழுந்தால் உப்பள வேலை நின்றுவிடும். உடன்குடிப் பக்கம் எங்களுக்குப் பனை. பங்குனியிலிருந்து ஆடிவரை பதநீர் ஓடும், அம்மா கருப்பட்டி காய்ச்சுவாள். மழைக்காலத்தில் கருப்பட்டி விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவரை இருப்பு வைக்க வசதியுள்ளவனுக்குத்தான் அந்த விலை. அப்பா தை மாதமே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். காய்ச்சிய கருப்பட்டி அப்படியே வியாபாரியின் குடோனுக்குப் போகும். ஜூனில் சேர்க்கைப் பணமும் முதல் மாதங்களின் மெஸ் பீசும் கணக்காகக் கட்டிவிடுவோம். புரட்டாசிக்குப் பிறகு என் பெயர் நோட்டில் ஏறும். எல்லா வருடமும் இப்படித்தான்.

சாரிடம் உண்மையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒருநாள் ஸ்டடி நேரத்தில் கூட்டல் சரிபார்க்க என்னை உட்கார வைத்தார் (கணக்கு வாத்தியார் தன் கூட்டலைத் தானே நம்ப மாட்டார்). அப்போதுதான் இரண்டாவதைப் பார்த்தேன். நிர்வாகத்துக்குப் போகும் நோட்டில் தேதியும் தொகையும் மட்டும். மற்றதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலில் ஒரு குறிப்பு: பிசானம், பீடி, உப்பு, பனை. சிலருக்கு, மாமா பம்பாய். பெற்றோருக்கு நினைவூட்டும் தபால் கார்டு இந்த நோட்டைப் பார்த்துத்தான் போகும். பிசானக்காரருக்குப் பங்குனியில், பனைக்காரருக்கு வைகாசியில். கையில் காசு இல்லாத மாதத்தில் எந்த வீட்டுக்கும் கார்டு போனதில்லை. இவ்வளவு தெரிந்தவர் ஐந்தாம் தேதி ஏன் அத்தனை பெயரையும் வாசித்தார்? நிர்வாகத்தின் உத்தரவா, வாசித்தால்தான் கட்டுவார்கள் என்ற நம்பிக்கையா, வெறும் பழக்கமா? கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை.

இத்தனைக்கும் ஐந்தாம் வகுப்புவரை நான் மதியச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தவன் அல்லன். காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது எட்டயபுரத்தில். அப்போது அது நம் திருநெல்வேலி மாவட்டம். 1961 முதல் கேர் என்ற தொண்டு அமைப்பு வழியாக அமெரிக்க உணவுப்பொருள்கள் வரத் தொடங்கின. எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த மாவில் கிண்டிய உப்புமாவைப் பூவரச இலையில் வாங்கித் தின்றே வளர்ந்தேன். எண்ணெய் டின்னில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். காலி டின்னுக்குப் பெரிய போட்டி. ஆறாம் வகுப்புக்குப் பாளையங்கோட்டை வந்ததும் சோறு விலைப்பொருளாகிவிட்டது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அது முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். பதினைந்து வயதுவரை என்று 1984இல் நீட்டினார்கள். அதற்குள் எனக்குப் பதினாறு.

அந்த 1982இல்தான் நம் விடுதியில் புதிய விதி வந்தது. மூன்று மாதப் பாக்கி சேர்ந்தால் இரண்டாம் பந்தி. ஞாயிற்றுக்கிழமை கறி கிடையாது, சாம்பார். பெரிய கொடுமை என்று சொல்ல முடியாது. யாரையும் பட்டினி போடவில்லை. கறிக்குழம்பு வாசனை மட்டும் விதிக்குக் கட்டுப்படவில்லை. முதல் பந்தி முடிந்து கைகழுவப் போகிறவர்கள் வராந்தாவில் நிற்கும் எங்களைக் கடந்துபோவார்கள். நல்லவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். பார்த்தவர்களும் உண்டு.

கார்த்திகையில் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். கையில் பணம் இல்லை. இரண்டு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. வீட்டுக்கென்று அம்மா பரணில் ஒதுக்கி வைத்திருந்தது. ஆபீஸ் குமாஸ்தா, “இது பள்ளிக்கூடமா, பலசரக்குக் கடையா?” என்றார். அப்பா பதில் சொல்லாமல் பெட்டியைத் தூக்கித் தலையில் வைக்கப் போனார். நான் வராந்தாவில், இரண்டாம் பந்தி வரிசையில்.

பந்திக்குப் பொறுப்பாக நின்ற சார் இறங்கி வந்தார்.

“அண்ணாச்சி, உடன்குடியில் இன்றைக்கு என்ன விலை?”

அப்பா சொன்னார்.

“பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அதைவிடக் கூடுதல். மார்க்கெட் விலையே போட்டுக்கொள்கிறேன். எடை போடலாமா?”

சமையற்கட்டுத் தராசில் எடை போட்டார்கள். சார் ஒரு சில்லை உடைத்து வாயில் போட்டு, மணல் கடிபடுகிறதா என்று பார்த்தார். இரக்கத்துக்காக வாங்கியிருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டார் என்று பிற்பாடு நினைத்துக்கொள்வேன். மெஸ் சரக்கு நோட்டில் வரவு, பாக்கி நோட்டில் கழிவு. இரண்டு மாதப் பாக்கி தீர்ந்தது. சீட்டு எழுதி அப்பாவிடம் கொடுத்துச் சாப்பிட உட்காரச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார் அப்பா. விடியுமுன் பஸ் ஏறியவர் எங்கே சாப்பிட்டிருப்பார்? சார் வற்புறுத்தவில்லை.

மறுநாள் மாலையிலிருந்து டீக்குப் பதில் சுக்குக் காப்பி. இது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மழையும் சளியுமான நாட்கள், எல்லோரும் இரண்டாம் டம்ளர் கேட்டீர்கள். இரண்டே நாளில் அதற்குப் ‘பாக்கிக் காப்பி’ என்று பெயரும் விழுந்தது. பெயர் வைத்தவர் இன்று டாலஸில் பெரிய மருத்துவர். இந்த மலருக்கு முழுப்பக்க விளம்பரம் கொடுத்திருப்பதால் மேற்கொண்டு சொல்லவில்லை. “ஏலே, உன் அப்பா காப்பி அருமை” என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். பாராட்டா, கேலியா என்று அந்த வயதில் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நான் அதைக் குடிக்கவில்லை. சார் கவனித்திருக்கிறார். “நீ குடிக்காத காப்பியைப் பாக்கியில் கழிக்க முடியாது” என்றார். அவர் முகத்தைப் பார்த்து அது நகைச்சுவையா என்று யாராலும் சொல்ல முடியாது.

விஷயம் ஊர்களுக்குப் பரவிவிட்டது. பொங்கலுக்குப் பிறகு நெல் மூட்டை வந்தது, ஆறுமுகநேரியிலிருந்து உப்பு வந்தது, ராதாபுரத்துப் பையன் வீட்டிலிருந்து முருங்கைக்காய் சாக்கில் வந்தது. முருங்கைக்காய்ச் சாம்பார் நம்மை விடாமல் துரத்திய அந்த நாட்களின் காரணம் இதுதான். முக்கூடல் பையன்தான் பாவம், பீடியைக் கொண்டுவந்து கட்ட முடியாது.

கோடை விடுமுறைக்கு முன் தணிக்கைக்கு வந்தவர் கருப்பட்டிக்கும் முருங்கைக்காய்க்கும் கடை ரசீது கேட்டார். நியாயமான கேள்விதான். ரசீது இல்லாத சரக்கைப் பார்த்தால் கமிஷன் யாருக்குப் போயிற்று என்றுதான் முதலில் தோன்றும். ஜூனில் விடுதி திறந்தபோது வேறு வார்டன். சார் வகுப்புக்கு வந்தார், கணக்கு நடத்தினார், நான்கரை மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். புதியவர் பெயர்களை வாசிக்கவில்லை, போர்டில் ஒட்டினார். முன்பு சாப்பாட்டு அறையோடு போனது, பிறகு தபால்காரர்வரை தெரிந்தது.

பாக்கி வைத்த பிள்ளையை என்ன செய்வது என்பது காசில்லாத ஊர்களின் பிரச்சினை என்றே அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துக்கு வரும்வரை நினைத்திருந்தேன். இங்கே சாப்பாட்டு வரிசையின் முடிவில் பிள்ளை தன் கணக்கு எண்ணை இயந்திரத்தில் அழுத்தும். கணக்கில் காசு இல்லையென்றால், அப்போது பல ஊர்களில் தட்டை வாங்கிக்கொண்டு குளிர்ந்த சீஸ் சாண்ட்விச் ஒன்றைக் கொடுப்பார்கள். நம் ஞாயிற்றுக்கிழமை சாம்பார்தான் வேறென்ன. 2017 ஜூலைக்குள் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் இந்தப் பாக்கிக்கு எழுத்தில் ஒரு விதி வைத்திருக்க வேண்டும் என்றது அமெரிக்க மத்திய வேளாண்மைத் துறை. என்ன விதி என்பதை அவரவரிடமே விட்டுவிட்டது. 2019 நவம்பரில் மினியாபோலிஸ் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 15 டாலருக்கு மேல் பாக்கி வைத்த மாணவர்களின் சூடான சாப்பாட்டை வாங்கிக் குப்பையில் போட்டார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். செயின்ட் பாலில் ஃபிலாண்டோ காஸ்டில் என்று ஒருவர் இருந்தார். பள்ளி உணவகப் பொறுப்பாளர். காசில்லாத பிள்ளைகளுக்குத் தன் பையிலிருந்து கட்டியவர். 2016 ஜூலையில் காரை மறித்த போலீஸ்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார். அவர் பெயரில் திரண்ட பணம் அந்நகரப் பள்ளிப் பிள்ளைகளின் பாக்கியை அடைத்தது. 2023 மார்ச்சில்தான் மாநிலம் சட்டம் போட்டு, காலையும் மதியமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம் என்றது. தேரிக்காட்டுக்கு டின் டின்னாக எண்ணெய் அனுப்பிய நாடு, அதற்கு எத்தனை காலத்துக்குப் பிறகு!

இப்போது நானும் ஐந்தாம் தேதிக்காரன். சம்பளம் வங்கியில் விழுகிறது, கட்ட வேண்டியவை தாமாகப் போய்விடுகின்றன. என் பெயருக்கு எதிரே பென்சிலால் எழுத யாருக்கும் ஒன்றும் இருக்காது. எங்கள் பனைகளில் அப்பாவுக்குப் பிறகு ஏற ஆளில்லை. பாதி செங்கல் சூளைக்குப் போய்விட்டன. இந்தியக் கடையில் கருப்பட்டி பாக்கெட்டில் கிடைக்கிறது, சீனி கலந்தது என்று நாக்கு உடனே சொல்லிவிடுகிறது. ஊரிலேயே இருந்திருந்தால் நீ ஏறியிருப்பாயா என்று மனைவி கேட்கிறாள். மாட்டேன்தான்.

சார் படத்தைச் சாப்பாட்டு அறையில் மாட்ட நம் சங்கம் பணம் திரட்டுகிறது. என் பங்கை அனுப்பிவிட்டு, பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். விடுதியில் இப்போது எவ்வளவு பாக்கி நிற்கிறது, அதை ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன். பாக்கியே இல்லை என்றார் பேசிய பெண், கொஞ்சம் பெருமையோடு. ஆண்டுக் கட்டணம் முழுவதும் ஆன்லைனில் முன்கூட்டியே கட்டினால்தான் இடமாம். உடன்குடி, திசையன்விளைப் பக்கத்துப் பையன்கள் யாராவது இருக்கிறார்களா என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் விண்ணப்பிப்பதில்லை என்றார். தவணையாகக் கட்ட வழி உண்டா என்று கேட்டேன்.

“உங்கள் பேரனுக்கா சார்? உங்களுக்கென்ன, ஒரே தடவையில் கட்டிவிடலாமே” என்றார்.