ஊன்றிய கால்

பி.டி. சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி மே மாதம் வந்தது. பழைய மாணவர் மலர்க் குழுவினர் பள்ளியைப் பற்றி எழுதக் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பள்ளி என்றதும் நினைவுக்கு வருவது சார் கூட்டிக்கொண்டு போன மன்றம்தான்.

விளையாட்டு விழா அணிவகுப்பு ஒத்திகை எல்லாருக்கும் நினைவிருக்கும். எட்டாம் வகுப்பில், போலியோவில் சூம்பிய என் இடது கால் வரிசையைக் கெடுக்கிறது என்று ஒருவர் காலரைப் பிடித்து என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளினார். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். அன்று மாலை மணி அடித்ததும் சார் சைக்கிளோடு வாசலில் நின்றிருந்தார். "பின்னால ஏறுடா" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

புதுச்சேரியில் உப்பளம் பக்கம் ஒரு மண் திடல். பிரெஞ்சுப் படையில் ஓய்வுபெற்ற சொல்தாக்கள், அதாவது சிப்பாய்கள், நாலைந்து பேர் சேர்ந்து தொடங்கிய மன்றம் அது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போகிறவர்கள், மற்ற நாட்களில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே பெத்தாங் என்ற குண்டு எறியும் ஆட்டம் ஆடினார்கள். பென்ஷன் வாங்குகிறவர் சந்தா கட்டுவார், பையன்களிடம் கேட்கமாட்டார்கள். பிரான்சிலிருந்து லீவில் வருகிற யாராவது பெட்டியில் ஒரு செட் குண்டு கொண்டுவந்து மன்றத்துக்குக் கொடுப்பார். எங்கள் கைக்கு ஆட்டம் வந்தது அப்படித்தான்.

ஆட்டம் பிறந்த கதையை ஒரு தாத்தா சொன்னார். தென் பிரான்சில் லா சியோத்தா என்ற ஊர், 1907 வாக்கில். பழைய ஆட்டத்தில் ஓடிவந்து குண்டு எறிய வேண்டும். ழூல் லெனுவார் என்ற ஆட்டக்காரருக்கு மூட்டுவாதம், ஓட முடியவில்லை. அவரும் ஆடவேண்டும் என்று, வட்டத்துக்குள் நின்றபடி எறிவதாக விதியை மாற்றினார்கள், தூரத்தையும் குறைத்தார்கள். பெத்தாங் என்ற பெயருக்கே ஊன்றிய கால் என்றுதான் பொருள். கதை முடிந்ததும் சார் என் தோளைத் தொட்டு, "ஒருத்தனுக்காக ஆட்டத்தையே மாத்தியிருக்காங்க பாரு" என்றார்.

எழுநூறு கிராம் இரும்புக் குண்டு. ஆறிலிருந்து பத்து மீட்டருக்குள் சின்னக் கட்டைக் குண்டு கிடக்கும். அதை ஒட்டி நிறுத்த வேண்டும், 13 புள்ளி எடுத்தால் வெற்றி. முதல் மாதம் முழுக்கத் தோற்றேன். பிறகொரு நாள், போரில் சண்டை போட்ட பெரியவர் ஒருவர் மண்டியிட்டு, கயிறு பிடித்து அளந்து, "தம்பியோடதுதான் கிட்ட" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பாரிஸ் வந்த பிறகு எங்கள் பேட்டையில் ஒரு சங்கம் பதிவு செய்தோம். லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்வது சங்கத்தின் நோக்கமாக இருக்கக்கூடாது என்கிறது 1901 சட்டம். அதைப் படித்தபோது அந்த மண் திடல் கண்முன் வந்தது. சாருக்கு எழுதினேன். "சந்தோஷம். எப்ப வர்ற?" என்று பதில் போட்டார். எல்லாக் கடிதத்திலும் அதைக் கேட்டார்.

மன்றத்துக்கென்று வாங்கிய ஆறு குண்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. போன முறை ஊருக்குக் கிளம்பும்போதும், எடை கூடுகிறது என்று பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன்.