பலம், பலவீனம்: கணக்கர் வேலை நேர்காணலுக்கு

"உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன?" என்று நேர்காணலில் கேட்டதும் "கடின உழைப்பாளி, நேர்மையானவன்" என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் கேட்பதை நிறுத்திவிடுவார். அதைச் சொல்லாதவர் யார்?

வேலை விளம்பரத்தை எடுத்து, அதில் கேட்டிருக்கும் வேலைகளுக்குக் கீழே கோடு போடுங்கள். பெரும்பாலும் டேலி (கணக்கு மென்பொருள்) பதிவு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, ஜிஎஸ்டி தாக்கல். உங்கள் பலம் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும்; கூடவே ஒரு சான்று. "மாதத் தாக்கலில் ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதிக்குள், 3பி 20ஆம் தேதிக்குள். 14ஆம் தேதி 2பி வந்ததும் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றுக்கு சப்ளையரிடம் போனில் கேட்டுவிடுவேன்." (ஜிஎஸ்டிஆர்-1 என்பது விற்பனை விவரம், 3பி மாத வரிக் கணக்கின் சுருக்கம், 2பி சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்.) அரை நிமிடப் பேச்சு. அடுத்த கேள்வி பெரும்பாலும் இதிலிருந்தே கிளம்பும், அதாவது உங்களுக்குத் தெரிந்த இடத்தில்.

பலவீனத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "எல்லாம் கச்சிதமா இருக்கணும் சார், அதுதான் என் குறை" என்பது புளித்துப்போன பதில். அதற்காக, "எண்களில் கவனம் சிதறும்" என்று உண்மையைக் கொட்டினால் கணக்கர் வேலை அங்கேயே போச்சு. வேலையின் உயிர்நாடியைத் தொடாத, ஆனால் நிஜமான குறை வேண்டும்: எக்செலில் பிவட் டேபிள் (நீண்ட பட்டியலைத் தொகுத்துச் சுருக்கும் வசதி) அவ்வளவாகப் பழக்கமில்லை. அதற்கு என்ன செய்கிறீர்கள் என்பதையும் உடனே சொல்லுங்கள்: பழைய விற்பனைப் பட்டியலை வைத்துத் தினமும் அரை மணி நேரப் பயிற்சி. பயிற்சி நிஜமாக இருக்கட்டும்; "இப்போ ஒண்ணு போட்டுக் காட்டுங்க" என்று லேப்டாப்பைத் திருப்பி வைப்பவர்களும் உண்டு.

சொல்லி முடித்ததும் கேள்வி கேட்டவர் குறிப்பெழுதுவார், சற்று அமைதி நிலவும். அந்த இடைவெளியை நிரப்ப இரண்டாவது குறையை எடுத்துவிடாதீர்கள்.